சிஎம்எஸ் முடிவு பண்றதுக்கு முன்னாடி மவுஸ கழட்டி வச்சிடுங்க

வேலூர்ல சிஎம்எஸ்னு சொன்னா பாதி பேருக்கு சிஎம்சினு தான் காதுல விழும், "இன்னாபா, எந்த டாக்டர பாக்கணும்?"னு கேப்பாங்க. ஆஸ்பத்திரி இல்ல. வெப்சைட்டுக்குள்ள போய் நோட்டீஸ் போட, போட்டோ மாத்த, ஃபீஸ் விவரம் திருத்த ஒரு சாஃப்ட்வேர் இருக்கும் பாருங்க, வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, விக்ஸ்னு, அதான் சிஎம்எஸ். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை நடுங்கறவங்க, மவுஸ் புடிக்க முடியாதவங்க எல்லாரும் அந்த சைட்ட யாரு தயவும் இல்லாம பயன்படுத்த முடியணும், அதுக்கு பேரு அக்சஸிபிலிட்டி. சைட் முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம்னு தான் எல்லாரும் அத தள்ளி வைக்கறாங்க, நானும் தள்ளி வச்சவன் தான்.

நான் சத்துவாச்சாரில உக்காந்துகினு லாட்ஜு, ஸ்கூலு, செருப்புக் கடை, டிரஸ்டுன்னு சின்ன சின்ன சைட் செய்யற ஆளு. கொரோனா டைம்ல ஒரு ஸ்கூலுக்கு செஞ்சு குடுத்தேன், பேரு வேணாம். ஸ்லைடர், ஓடற எழுத்து, கலர் கலரா பட்டன், கரஸ்பாண்டன்ட் பாத்துட்டு கைய குலுக்கினாரு. கொஞ்ச நாள் கழிச்சு காட்பாடி ஸ்டேஷன் எதிர்ல டீக்கடைல ஒரு அண்ணன் புடிச்சாரு, அவருக்கு கண்ணு தெரியாது, பொண்ணு அந்த ஸ்கூல்ல தான் படிக்குது. "நீ தானே அந்த சைட்டு செஞ்சது, இத கேளு"ன்னு போன எடுத்து டாக்பேக்ல, திரைல இருக்கறத சத்தமா படிச்சுக் காட்டற வசதி அது, ஒவ்வொண்ணா தள்ளினாரு. "லிங்க். லிங்க். பட்டன், அன்லேபிள்டு. பட்டன், அன்லேபிள்டு. இமேஜ், ஐஎம்ஜி ஹைஃபன் 20210614 ஹைஃபன் டபிள்யூஏ0007." அங்க நிறுத்தி "இதுல ஃபீஸ் எவ்ளோன்னு போட்டு கீது தம்பி?"ன்னாரு. அது வாட்ஸ்அப்ல வந்த நோட்டீஸ அப்படியே படமா ஏத்தினது. டீ ஆறிப் போச்சு, என்னால ஒண்ணும் சொல்ல முடியல.

வீட்டுக்கு வந்து நோண்டினப்போ தான் விளங்குச்சு, தப்பு பாதி என்னோடது, மீதி பாதி நான் எடுத்துக் குடுத்த சிஎம்எஸ் செட்டப்போடது. ஆபிஸ்ல இருக்கற அக்கா படம் ஏத்தறப்போ "இதுல இன்னா இருக்கு, எழுதுங்க"ன்னு அது ஒரு தடவ கூட கேக்கல, கேட்டிருந்தா அவங்க எழுதியிருப்பாங்க. சைட்ட நான் ஒரு மாசம் தான் செய்யறேன், அந்த அக்கா பத்து வருஷம் செய்யப் போறாங்க. அதனால சிஎம்எஸ் பாக்கறப்போ முன்பக்கம் எவ்ளோ பளபளன்னு இருக்குன்னு பாக்காதீங்க, பின்பக்கம் உக்காந்து டைப் பண்றவங்கள அது எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாருங்க. இனிமே சொல்றதெல்லாம் அத எப்படி பாக்கறதுன்னு தான்.

முதல்ல சட்டம், சுருக்கமா

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதுல 46ஆவது பிரிவு சேவை தர்றவங்க கவர்மென்டா இருந்தாலும் பிரைவேட்டா இருந்தாலும் சேத்து தான் பேசுது, அதனால "நாங்க பிரைவேட்டு சார், எங்களுக்கு இல்ல"ன்னு சொல்றது செல்லாது. 89ஆவது பிரிவுல அபராதம் இருக்கு, முதல் தடவ 10,000 ரூபா வரைக்கும், திரும்ப மாட்டினா 50,000லேர்ந்து 5 லட்சம் வரைக்கும். 2024 நவம்பர் 8ல சுப்ரீம் கோர்ட்டு ராஜீவ் ரத்தூரி வழக்குல, விதிகள்ல அக்சஸிபிலிட்டிய சும்மா பரிந்துரை மாதிரி வச்சிருக்கக் கூடாது, கட்டாயமாக்கணும்னு சொல்லிடுச்சு. 2025 ஏப்ரல் 30ல இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைய அணுகறது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவு குடுக்கற வாழ்வுரிமைல ஒரு பகுதின்னு.

எந்த அளவுகோல்னு கேட்டா டபிள்யூசிஏஜி, வெப்சைட் அக்சஸிபிளா இருக்கறதுக்கான உலக விதித் தொகுப்பு. 2.0 வந்தது 2008, 2.1 வந்தது 2018, 2.2 வந்தது 2023. ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏன்னு மூணு படி இருக்கு, ஊரு உலகம் முழுக்க கேக்கறது டபுள் ஏ. நம்ம கவர்மென்ட் சைட்டுங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0ம் 2.1 டபுள் ஏவ தான் புடிச்சிருக்கு, இந்திய தரக்கட்டுப்பாட்டுல ஐஎஸ் 17802ன்னு ஒண்ணு தனியா இருக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க 2.2 டபுள் ஏன்னு எழுதி வச்சிடுங்க, 2.1ம் அதுக்குள்ளயே அடங்கிடும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்காரங்க இத படிச்சா ஒரு வார்த்த. ஐரோப்பாவோட அக்சஸிபிலிட்டி சட்டம் 2025 ஜூன் 28லேர்ந்து நடைமுறைல இருக்கு, ஆன்லைன்ல அங்க இருக்கற ஆளுங்களுக்கு நேரா விக்கறவங்களுக்கு அது பொருந்தும். பத்து பேருக்கு கம்மியா வேல செய்யற, வருஷ வியாபாரம் 20 லட்சம் யூரோவுக்கு மேல போகாத குட்டிக் கம்பெனிக்கு சேவை விஷயத்துல விலக்கு உண்டு. மொத்தமா வாங்கற வெளிநாட்டு கம்பெனிக்கு செஞ்சு அனுப்பறதோட சரின்னா நேரடியா உங்க தலைல வராது, சொந்தமா கடை சைட் தொறந்து வச்சிருந்தா கவனிங்க.

யாரு டைப் பண்ணப் போறாங்கன்னு எழுதிக்குங்க

பேப்பர்ல நாலு வரி போதும். தினம் யாரு நோட்டீஸ் போடுவாங்க, எந்தெந்த மொழில, ஃபார்ம் உண்டா, பணம் கட்டற வசதி உண்டா, பழைய சைட்லேர்ந்து எவ்ளோ பக்கம் கொண்டு வரணும். இது இல்லாம சிஎம்எஸ் தேடப் போறது அளவு குடுக்காம சட்டை தைக்கறது மாதிரி.

"யாரு டைப் பண்ணுவாங்க"ங்கற கேள்வில எல்லாரும் ஒரு இடத்துல சறுக்கறோம். கண்ணு தெரியாதவங்க சைட்ட படிக்க வர்றவங்க மட்டும் தான்னு நெனச்சிக்கறோம், அவங்களே அட்மினா வேல பாக்கலாம்னு தோணறதே இல்ல. நம்ம ஊருக்காரங்க இப்படி யோசிக்கறது எனக்கு வெக்கமா தான் இருக்கு. சிஎம்சில டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல ஒரு கார் விபத்துல இடுப்புக்கு கீழ அசைவு போனவங்க, அதுக்கப்புறம் வீல்சேர்ல உக்காந்துகினே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, 1966ல பாகாயத்துல மறுவாழ்வு மையம் ஆரம்பிச்சாங்க. வீல்சேர்ல இருக்கறவங்கன்னா பேஷன்ட் தான்னு நெனைக்கற பழக்கத்த இந்த ஊரு எப்பவோ விட்டிருக்கணும். வெப்சைட்டுக்கும் அதே கணக்கு. வெப்புக்கு உலக விதிங்கள எழுதற டபிள்யூ3சிங்கற அமைப்பு 2015ல ஏடிஏஜி 2.0ன்னு ஒண்ணு வெளியிட்டாங்க, சிஎம்எஸ் மாதிரி எழுதற கருவிங்களுக்குன்னே. அதுல ரெண்டே பாகம். எடிட்டர் திரைய மாற்றுத்திறனாளிங்க இயக்க முடியணும்ங்கறது ஒண்ணு, எழுதறவங்க யாரா இருந்தாலும் அக்சஸிபிளா எழுத அந்த எடிட்டர் ஒத்தாசை பண்ணணும்ங்கறது இன்னொண்ணு. ஏஜென்சிக்காரங்க கிட்ட ஏடிஏஜின்னு ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க, முழிக்கறத வச்சே ஆள எடை போட்டுடலாம்.

ரெண்டோ மூணோ மட்டும் எடுத்துக்குங்க

வேர்ட்பிரஸ்: நம்ம பக்கம் பத்துக்கு எட்டு பேரு இது தான். டெவலப்பர் சுலபமா கெடைப்பாங்க, தமிழ் இடைமுகம் இருக்கு. ஆனா 2018 டிசம்பர்ல வந்த பிளாக் எடிட்டர் அக்சஸிபிலிட்டில ரொம்ப திட்டு வாங்கினது, அந்த நேரத்துல அவங்க அக்சஸிபிலிட்டி டீம் லீடே விலகினாங்க. இப்போ நல்லாவே தேறியிருக்கு, இருந்தாலும் நீங்களே சோதிச்சு பாக்காம நம்பாதீங்க. படம் போட்டா மாற்று உரை, அதாவது படத்துல இன்னா இருக்குன்னு சொல்ற எழுத்து, அத எழுத ஒரு கட்டம் வலது பக்கம் இருக்கும், எழுதலன்னா ஒண்ணும் கேக்காது, கம்முனு விட்டுடும்.

ட்ரூபல்: கத்துக்க கஷ்டம், ஆளு கெடைக்கறதும் கஷ்டம், செலவும் ஜாஸ்தி. ஆனா இமேஜ் ஃபீல்டுல மாற்று உரை கட்டாயம்ங்கறது ஆரம்ப செட்டிங்லயே இருக்கு, எழுதாம சேவ் ஆகாது. அந்த ஒரு டிக் மார்க்கு என் ஸ்கூல் சைட்ட காப்பாத்தியிருக்கும். அவங்களோட முன்பக்க தீம், அதாவது சைட்டோட தோற்றம், ஒலிவேரோ, அக்சஸிபிலிட்டிக்காக ட்ரூபல்ல உழைச்ச கண்பார்வை இல்லாத ரேச்சல் ஒலிவேரோ பேர வச்சது, அவங்க 2019ல காலமாயிட்டாங்க. பெரிய காலேஜு, நெறைய டிபார்ட்மென்ட்டு, நெறைய எடிட்டருன்னா இத யோசிக்கலாம். மூணு பக்க லாட்ஜ் சைட்டுக்கு இது கொசுவ அடிக்க கோட்டை பீரங்கி.

ஜூம்லா: 4ஆவது வெர்ஷன் 2021ல வந்தப்போ முன்பக்கம், பின்பக்கம் ரெண்டு டெம்ப்ளேட்டையும் அக்சஸிபிலிட்டிய மனசுல வச்சு புதுசா செஞ்சாங்க, 4.1லேர்ந்து பக்கத்த சோதிச்சு சொல்ற கருவி உள்ளயே வருது. நம்ம ஊர்ல இத தெரிஞ்ச ஆளுங்க கொறஞ்சிகினே வர்றாங்க, அது ஒண்ணு தான் என் தயக்கம்.

விக்ஸ் மாதிரி மாசக் காசு சைட்டுங்கள்ல அக்சஸிபிலிட்டி விசார்டு இருக்கு, சின்ன கடைக்கு போதும், ஆனா உள்ள இருக்கற புரோகிராம் கோட நீங்க தொட முடியாது, ஒரு குறை இருந்தா அவங்க சரி பண்ற வரைக்கும் வாய மூடிகினு காத்திருக்கணும். கவர்மென்ட் ஆபிஸுன்னா உங்களுக்கு இந்த தலைவலியே வேணாம், மத்திய அரசு கம்ப்யூட்டர் அமைப்பு என்ஐசியோட எஸ்3வாஸ்ங்கற சைட் வசதி இருக்கு, மாவட்ட சைட்டுங்க அதுல தான் ஓடுது, அதுல ஒரு எஸ்ஸே சுகம்யாவ குறிக்குது, எல்லாரும் எட்டக் கூடியதுன்னு அர்த்தம்.

மவுஸ கழட்டுங்க

எல்லா சிஎம்எஸ்ஸுக்கும் டெமோ கெடைக்கும், இல்லன்னா ஒரு வாரத்துக்கு சும்மா ஒரு காப்பி ஏத்திக்குங்க. லேப்டாப்னா டச்பேட் மேல ஒரு துண்ட போட்டு மூடிடுங்க. இப்போ டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப், அம்புக்குறி கீங்க மட்டும் தான். அட்மின்ல லாகின் பண்ணுங்க, புது பக்கம் தொறங்க, தலைப்பு அடிங்க, ஒரு படம் ஏத்துங்க, பப்ளிஷ் பண்ணுங்க.

பாக்க வேண்டியது: நீங்க இப்போ எந்த பட்டன் மேல நிக்கறீங்கன்னு ஒரு கோடு, கட்டம் ஏதாவது தெரியுதா. டேப் அடிச்சா ஒழுங்கான வரிசைல போகுதா, இல்ல எங்கயோ தாவி எங்கயோ வருதா. படம் ஏத்தற ஜன்னல் தொறந்தா உள்ள போக முடியுதா, எஸ்கேப் அடிச்சா வெளிய வர முடியுதா. பக்கத்த இழுத்து விட்டு கட்டற பேஜ் பில்டர் ஒண்ணுல நான் இத பண்ணேன், உள்ள போன டேப்பு பாலாறு மாதிரி, எங்கயோ மண்ணுக்குள்ள போச்சு, வெளிய வரவே இல்ல. இழுத்து விட்டா தான் நகரும்னு ஏதாவது இருந்தா, அதுக்கு மாத்து வழி, மேல கீழ பட்டன் மாதிரி, இருக்கான்னு பாருங்க, 2.2ல அது ஒரு விதியே.

அப்புறம் முன்பக்கம் வாங்க, தீம் டெமோல அதே சோதனை. முதல் டேப்புல "நேரா உள்ளடக்கத்துக்கு போ"ன்னு ஒரு லிங்க் வரணும். மெனு மவுஸ் மேல போனா மட்டும் தான் விரியுதுன்னா அந்த தீம அங்கயே கீழ வச்சிடுங்க, பேசவே வேணாம்.

அஞ்சு பக்கம் பரீட்ச

இது தான் முக்கியம், மத்தத தவற விட்டாலும் இத விடாதீங்க. ஆபிஸ்ல நோட்டீஸ் போடப் போற அந்த அக்காவையோ கிளார்க்கையோ கூப்பிட்டு உக்கார வைங்க, எதையும் சொல்லிக் குடுக்காதீங்க, பக்கத்துல டீ மட்டும் வச்சிட்டு வாய மூடிகினு பாருங்க. ஒவ்வொரு சிஎம்எஸ்லயும் அதே அஞ்சு விஷயம்: வேர்டுல இருக்கற ஒரு நோட்டீஸு, ஒரு போட்டோ, ஃபீஸ் பட்டியல் டேபிளா, ஒரு விசாரணை ஃபார்ம், ஒரு பிடிஎஃப்.

வேர்டுலேர்ந்து ஒட்டினா இன்னா ஆகுதுன்னு பாருங்க. அக்கா தலைப்ப போல்டு பண்ணி 18 சைஸ் வச்சிருப்பாங்க, கண்ணுக்கு அது தலைப்பு, டாக்பேக் மாதிரி படிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் தடிச்ச எழுத்து. கண்ணு தெரியாதவங்க பக்கம் முழுக்க கேக்க மாட்டாங்க, தலைப்பு தலைப்பா தாவித் தான் போவாங்க, தலைப்புன்னு குறிக்கலன்னா தாவ இடமே இல்ல. அந்த எழுத்து சைஸ் குப்பையெல்லாம் கழிச்சுட்டு, தலைப்பு பட்டன கண்ணுக்கு முன்னாடி வைக்கற எடிட்டர் நல்ல எடிட்டர். எழுத்து சைஸு, கலரு, இடம் எல்லாத்தையும் இஷ்டத்துக்கு மாத்த விடற எடிட்டர டெமோல பாக்க ஜோரா இருக்கும், ஆறு மாசத்துல சைட்டு ரங்கோலி ஆயிடும்.

டேபிள்ல முதல் வரிய தலைப்பு வரியா குறிக்க ஒரு சுவிட்ச் இருக்கும், வேர்ட்பிரஸ்ல டேபிள் பிளாக்க தொட்டா வலது பக்கம் "ஹெடர் செக்ஷன்"னு வரும். அது இல்லன்னா "ஆறாம் வகுப்பு, 12,000, 3,000"ன்னு நம்பரா கொட்டும், எது டியூஷன் ஃபீஸு எது வேன் ஃபீஸுன்னு கேக்கறவங்களுக்கு தெரியாது.

படத்துக்கு வேர்ட்பிரஸ்ல ஒரு சூட்சுமம், நான் அடிபட்டு கத்துகிட்டது. மீடியா லைப்ரரில போய் மாற்று உரைய பின்னாடி திருத்தினா, ஏற்கனவே பக்கத்துல போட்ட படத்துக்கு அது போய் சேராது, பக்கத்துல போய் தனியா திருத்தணும். அதனால ஏத்தறப்பவே எழுத பழக்குங்க. எழுதறது இன்னான்னா, "நோட்டீஸ்"னு இல்ல, நோட்டீஸ்ல இருக்கற விஷயம். அது அஞ்சு வரிக்கு மேல போகும்னா அது படமா இருக்கவே கூடாது, டைப் பண்ணி பக்கமா போடுங்க. சும்மா அழகுக்கு வச்ச பூ படத்துக்கு காலியா விடலாம், தப்பில்ல.

ஃபார்ம்ல கட்டத்துக்குள்ள வெளிர் எழுத்துல "உங்க பேரு"ன்னு போட்டுட்டு வெளிய லேபிளே இல்லாம விடற பழக்கம் இருக்கு பாருங்க, டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறைஞ்சிடும், எதுக்கு டைப் பண்றோம்னு வயசானவங்க மறந்துடுவாங்க. தப்பா அடிச்சா சிவப்பு கோடு மட்டும் போடற ஃபார்மும் வேணாம், இன்னா தப்புன்னு எழுத்துல சொல்லணும். கோணல் மாணல் எழுத்த படிச்சு அடிக்கற கேப்சா வேணவே வேணாம்.

தமிழுக்குன்னே இருக்கற மூணு வம்பு

வெளிநாட்டு வழிகாட்டிங்கள்ல இது இருக்காது, நாம தான் பாத்துக்கணும்.

ஒண்ணு, பாமினி. டிடிபி சென்டர்ல அடிச்ச நோட்டீஸு பாதி இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்டுல தான் வருது. கண்ணுக்கு தமிழ், உள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்து. "தமிழ்"னு பாமினில அடிச்சத ஸ்க்ரீன் ரீடர் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"னு படிக்கும். தமிழ் எழுத்த தமிழாவே வைக்கற யூனிகோடுக்கு மாறச் சொல்லி தமிழ்நாடு அரசே 2010ல சொல்லிடுச்சு, லாங் பஜார் பிரஸ்ஸுங்க பாதிக்கு சேதி இன்னும் போய் சேரல. பிடிஎஃப் வாங்கினா அதுலேர்ந்து ஒரு வரிய காப்பி எடுத்து நோட்பேடுல ஒட்டிப் பாருங்க, தமிழா வந்தா யூனிகோடு, கோணலா வந்தா திருப்பி அனுப்பி யூனிகோடுல கேளுங்க.

ரெண்டு, மொழி அறிவிப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாடி "இது இந்த மொழி"ன்னு புரோகிராம் கோடுல ஒரு குறி இருக்கு, அத வச்சு தான் ஸ்க்ரீன் ரீடர் எந்தக் குரல்ல படிக்கணும்னு முடிவு பண்ணும். தமிழ் பக்கத்துல இங்கிலீஷ்னு குறி இருந்தா சில குரல்ல ஒண்ணுமே வராது, பேய் அறைஞ்ச மாதிரி அமைதி. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், ஜெனரல் போய் சைட் லாங்குவேஜ தமிழ்னு மாத்தினா போதும். உடனே அட்மினும் தமிழாயிடுச்சுன்னு பயப்படாதீங்க, அவங்கவங்க புரொஃபைல்ல தனியா இங்கிலீஷ் வச்சிக்கலாம். ஆற்காடு ரோடு, பாபு ராவ் ஸ்ட்ரீட் பக்கம் லாட்ஜ் வச்சிருக்கறவங்களுக்கு இது டபுள் முக்கியம், வர்றவங்க பாதி பேரு வங்காளத்துலேர்ந்து, ரூம் வாடகைய பெங்காலிலயும் போட்டிருப்பீங்க, அந்த பத்திக்கு மட்டும் பெங்காலின்னு குறி வைக்கணும். வேர்ட்பிரஸ் எடிட்டர்ல எழுத்த செலக்ட் பண்ணி மேல இருக்கற அம்புக்குறிய அமுக்கினா லாங்குவேஜுன்னு ஒரு வசதி வரும். ட்ரூபல்ல பல மொழி வசதி உள்ளயே இருக்கு, இந்த விஷயத்துல அது தான் ராஜா.

மூணு, நீளம். "சேர்க்கை விண்ணப்பப் படிவம்"ங்கறத இங்கிலீஷ்ல அப்ளைன்னு அஞ்சு எழுத்துக்கு செஞ்ச பட்டன்ல போட்டா பிதுங்கும். பிரௌசர்ல 200 சதவீதம் பெரிசாக்கி, அப்புறம் 400 ஆக்கி பாருங்க, எழுத்து வெட்டுப்படக் கூடாது, பக்கவாட்டுல தள்ளி தள்ளி படிக்கற மாதிரி வரக் கூடாது. வரிக்கு வரி இடைவெளி கம்மியா இருக்கற தீம்ல "கீ"யோட சுழி மேல் வரில முட்டும், "ழு"வோட வால் கீழ் வரில இடிக்கும்.

தீமும் பிளகினும்

நல்ல சிஎம்எஸ் எடுத்துட்டு மோசமான தீம் போட்டா எல்லாம் போச்சு. வேர்ட்பிரஸ் தீம் பட்டியல்ல "அக்சஸிபிலிட்டி ரெடி"ன்னு ஒரு வடிகட்டி இருக்கு, அத போட்டு தேடுங்க, பட்டியல் சின்னதா தான் வரும், பரவால்ல. காசு குடுத்து வாங்கற ஆயிரம் டிசைன் தீமுங்களவிட அதுல இருக்கற சாதா தீம் மேல்.

கலர் கணக்கு: சாதா எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ள மேல 999ங்கற சாம்பல் கலரு, டிசைனருங்களுக்கு ரொம்ப புடிச்சது, 2.85 தான் வரும். 767676 வரைக்கும் அடர்த்தியாக்கினா 4.54, தப்பிச்சது. வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கத்த சோதிக்குது, 2025ல 94.8 சதவீத பக்கத்துல பிழை, அதுல முதல் இடம் இந்த மங்கல் எழுத்துக்கு தான்.

ஓடற எழுத்து. "அட்மிஷன் ஓபன்"னு ஓடலன்னா நம்ம கரஸ்பாண்டன்ட்டுங்களுக்கு தூக்கம் வராது. தானா நகர்ற எதுவும் அஞ்சு செகண்டுக்கு மேல போனா நிறுத்த ஒரு பட்டன் வேணும், அது முதல் படி ஏலயே இருக்கற விதி. நான் இப்போல்லாம் "சார் நிறுத்த பட்டன் வைக்கணும், இல்ல ஓட்டாம வைக்கணும்"னு சொல்லிடறேன், பட்டன் அசிங்கமா இருக்குன்னு அவங்களே ஓட்டாம வச்சிடறாங்க.

இன்னொரு ஏமாத்து வேல, ஓரத்துல ஒரு வீல்சேர் பொம்ம வந்து, அமுக்கினா எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு விக்கற பிளகின், பிளகின்னா சிஎம்எஸ்ஸோட ஒட்டிக்கற துணை சாஃப்ட்வேர். இந்த வகைக்கு ஓவர்லேன்னு பேரு. லேபிளே இல்லாத ஃபார்ம, படமா போட்ட நோட்டீஸ அது ஒழுங்கா சரி பண்ணாது, ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கறவங்களுக்கு சில நேரம் குறுக்க வேற வரும். அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்ப பாக்கற எஃப்டிசி 2025ல ஓவர்லே விக்கற ஆக்சஸிபீங்கற கம்பெனிக்கு 10 லட்சம் டாலர் தண்டம் போட்டது, எந்த சைட்டையும் விதிக்கு ஏத்தபடி மாத்திடும்னு சொல்லி வித்ததுக்கு. அந்த காச ஒரு நல்ல டெவலப்பருக்கு குடுங்க.

ஏஜென்சிகிட்ட பேசறப்போ

"அக்சஸிபிளா இருக்குமா?"ன்னு கேக்காதீங்க, "ஆமா சார்"னு தான் பதில் வரும். "ஏசிஆர் இருக்கா, காட்டுங்க"ன்னு கேளுங்க. விபேட்ங்கற படிவத்துல ஒவ்வொரு விதிக்கும் ஒத்துப்போகுது, பாதி ஒத்துப்போகுது, ஒத்துப்போகலன்னு நிரப்பின அறிக்க அது. எல்லாத்துக்கும் ஒத்துப்போகுதுன்னு வந்தா சந்தேகப்படுங்க, பாதின்னு நாலு இடத்துல ஒத்துகிட்டு காரணம் எழுதியிருக்கறது தான் நிஜமா சோதிச்சது. ஒப்பந்தத்துல ரெண்டு வரி: டபிள்யூசிஏஜி 2.2 டபுள் ஏ, தீமும் பிளகினும் சேத்து. கடைசி 25 சதவீத பணம் சோதன முடிஞ்சு குறை சரியான பிறகு. இந்த ரெண்டாவது வரிக்கு மட்டும் தான் சண்ட வரும், விட்டுக் குடுக்காதீங்க.

சோதிக்கறது

வேவ், ஆக்ஸ், லைட்ஹவுஸ்னு பிரௌசர்ல ஓசில கெடைக்கற கருவிங்கள ஓட்டுங்க, அஞ்சு நிமிஷ வேல. ஆனா லைட்ஹவுஸ்ல 100 வந்துடுச்சுன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க, மாற்று உரை இருக்கான்னு தான் மெஷினு பாக்கும், அதுல "asdf"ன்னு அடிச்ச மாதிரி எதையாவது தட்டி வச்சிருந்தா அதுக்கு தெரியாது.

அதனால என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர எறக்குங்க, விண்டோஸுக்கு இலவசம். பக்கத்த தொறந்து எச் அமுக்கினா தலைப்பு தலைப்பா தாவும், கே அமுக்கினா லிங்க், எஃப் அமுக்கினா ஃபார்ம் கட்டம், ஜி அமுக்கினா படம். இன்சர்ட்டோட எஃப்7 அமுக்கினா எல்லா லிங்கும் ஒரே பட்டியலா வரும், அதுல "இங்கே கிளிக் செய்யவும்"னு பதினாறு தடவ இருந்தா உங்க சைட்டு எப்படி கேக்கும்னு புரிஞ்சிடும். போன்ல டாக்பேக் ஆன் பண்ணுங்க, வலது பக்கம் தள்ளினா அடுத்தது, ரெண்டு தட்டு தட்டினா திறக்கும். முதல் நாள் தல சுத்தும், ஆஃப் பண்ணத் தெரியாம நான் பையன கூப்பிட்டேன், அதனால ஆன் பண்றதுக்கு முன்னாடி ஆஃப் பண்ற வழிய படிச்சிடுங்க.

அதுக்கப்புறம் தினம் அத பயன்படுத்தற ஒருத்தர உக்கார வைங்க, நேரத்துக்கு காசு குடுங்க, ஓசில கேக்காதீங்க. நான் அந்த டீக்கடை அண்ணன தான் கூப்பிடறேன். ஒரு லாட்ஜு சைட்டுல நான் ரெண்டு நாள் தேடினத அவரு நாலு நிமிஷத்துல சொன்னாரு, "ரூம் புக் ஆயிடுச்சா இல்லையான்னு எனக்கு எப்படி தெரியும், பச்ச டிக்கு வந்துச்சுன்னு உனக்கு தெரியும், எனக்கு சத்தமே வரலியே." அந்த சேதிய ஸ்க்ரீன் ரீடருக்கு அறிவிக்கற ஒரு வரி புரோகிராம் கோடு விட்டுப் போயிருந்துச்சு.

தொறந்த பிறகு

புது பிளகின் ஏத்தினா, தீம் அப்டேட் வந்தா, மறுபடி மவுஸ கழட்டி ஒரு தடவ ஓட்டுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுசா போட்ட பத்து நோட்டீஸ எடுத்து எத்தன படமா போயிருக்குன்னு எண்ணுங்க, ஆள் மாறியிருந்தா அந்த எண்ணிக்கையே சொல்லிடும், புது ஆளுக்கு அர மணி நேரம் உக்காந்து காட்டுங்க. எடிட்டோரியலிங்கற பிளகின், வேர்ட்பிரஸ், ட்ரூபல் ரெண்டுக்கும் இருக்கு, பக்கத்த பாக்கறப்பவே எழுத்துப் பிழை காட்டற மாதிரி இந்த மாதிரி தப்ப காட்டும், அத போட்டு வச்சிடுங்க.

கடைசியா சைட்டுல ஒரு அக்சஸிபிலிட்டி பக்கம் போடுங்க. எந்த விதிக்கு செஞ்சிருக்கோம், இன்னும் எது சரியில்ல, தடங்கல் இருந்தா யார கேக்கணும். நெட்டுலேர்ந்து காப்பி அடிச்சு "நாங்கள் உறுதிபூண்டுள்ளோம்"னு நாலு பத்தி போட வேணாம், ஒரு ஆளு நெஜமா எடுக்கற நம்பர் இருந்தா போதும். அந்த நம்பர் வெறும் லேண்ட்லைனா இருந்தா காது கேக்காதவங்க இன்னா பண்ணுவாங்க, வாட்ஸ்அப்பும் மெயிலும் சேத்து போடுங்க.